ஒன்பது வருஷத்துக்கு ஒரு வரி

பிப்ரவரி 3

குட்டி,

அண்ணி எழுதறேன். மெயில்ல என் பேரைப் பார்த்ததும் யாருக்கு என்னவோன்னு பதறிடாதே. எல்லாரும் இருக்கோம். எல்லாரும்னா நானும் உங்கண்ணனும்தான்.

அவருக்குத் தெரியாமதான் இதை எழுதறேன். உங்கம்மா போய் எல்லாம் முடிஞ்ச பிறகு நீ வந்து வாசல்ல நின்னதும், "இப்ப எதுக்கு வந்தே"ன்னு அவர் கேட்டதும், நீ பெட்டியைக்கூட கீழே வைக்காம திரும்பிப் போனதும் நேத்து நடந்த மாதிரி இருக்கு. அதுக்கப்புறம் இந்த வீட்டுல உன் பேச்சையே எடுக்கறதில்ல. போன்ல கூப்பிடலாம்னா ரெண்டு ரூம் வீடு. இங்க தும்மினா அங்க கேட்கும். அதுவும் இல்லாம உன் குரலைக் கேட்டா ஒண்ணு அழுவேன், இல்ல சண்டை போடுவேன். ரெண்டுக்கும் இப்ப எனக்குத் தெம்பு இல்ல.

விஷயத்துக்கு வரேன். உங்கண்ணனுக்குக் கண்ணு மங்கிக்கிட்டே வருது. கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுப்போச்சாம். போனது போனதுதான், இருக்கறதைக் காப்பாத்திக்கப் பாருங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். ஸ்கூல் வேன் ஓட்டற ஆள் கையில இனி யாரு பிள்ளைங்களை விடுவாங்க? சாவியை வாங்கி வேற ஒருத்தர்கிட்ட கொடுத்துட்டாங்க. அன்னையிலேருந்து ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கார். வெளியில ஹாரன் சத்தம் கேட்டா மட்டும் கழுத்து திரும்புது.

அதனால நான் வேலைக்குப் போகணும். அதனால மட்டும்னு சொன்னா பொய். அத்தை இருந்த ரூமைத் துடைக்கறேன். துடைச்ச இடத்தையே திரும்பத் துடைக்கறேன். இப்படியே இருந்தா எனக்கு என்னவாவது ஆயிடும்.

நீ கம்பெனியில ஆள் எடுக்கற பிரிவுல இருக்கே. நாள் முழுக்க ஊரார் சி.வி.யைப் படிக்கறே. என்னோடதையும் ஒரு தடவை படி. இதோட சேர்த்து அனுப்பியிருக்கேன். அந்தக் காலத்துல பில்டிங் பிளான் வரையற ஆபீஸ்ல இருந்தேனே, அதெல்லாம் எழுதியிருக்கேன். பொழுதுபோக்குன்னு ஒரு இடம் இருந்துச்சு. என்ன போடறதுன்னு தெரியல. "பாட்டு கேட்பது"ன்னு போட்டேன். கடைசியா எப்ப கேட்டேன்னு மட்டும் கேட்காதே.

அண்ணி

பிப்ரவரி 5

அண்ணி,

உங்கள் மெயில் வந்தது. அண்ணனுக்கு இப்படி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான், அதனால் யாரையும் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை.

இதில் சி.வி. பற்றி மட்டும் எழுதுகிறேன். எனக்குத் தடுமாறாமல் எழுத வருவது அது ஒன்றுதான்.

மூன்று பக்கம் வேண்டாம், ஒரு பக்கம் போதும். காலையில் என் முன்னால் வந்து விழும் குவியலை நீங்கள் பார்த்ததில்லை. ஒரு ஆளுக்கு நான் கொடுப்பது ஒரு மடக்கு டீ குடிக்கிற நேரம். அதற்குள் இவர் என்ன வேலை செய்வார் என்று எனக்குப் புரிந்துவிட வேண்டும். பிறந்த தேதி, அப்பா பெயர், அண்ணன் பெயர், "மேற்கூறிய யாவும் உண்மை என உறுதி கூறுகிறேன்" எல்லாவற்றையும் தூக்குங்கள். நீங்கள் கூண்டில் ஏறி நிற்கவில்லை. பாட்டையும் எடுத்துவிடுங்கள்.

"வரைபடப் பிரிவில் பணிபுரிந்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆபீஸில் வாட்ச்மேனும்தான் பணிபுரிந்தார். நீங்கள் என்ன வரைந்தீர்கள்? அதில் எது இன்று கட்டிடமாக நிற்கிறது? அதை எழுதுங்கள். புதிதாக இருப்பது மேலே, பழையது கீழே. எந்த வேலைக்கு அனுப்புகிறீர்களோ அந்த விளம்பரத்தில் இருக்கும் வார்த்தைகள் உங்கள் பக்கத்திலும் இருக்க வேண்டும். இப்போதெல்லாம் முதலில் படிப்பது மனிதர் இல்லை, கம்ப்யூட்டர்.

பிறகு, அம்மாவுக்காக நீங்கள் வேலையை விட்டு வீட்டில் இருந்த அந்த ஒன்பது வருஷம். அதை வெறுமையாக விட்டிருக்கிறீர்கள். வெறுமையைப் பார்த்தால் படிப்பவர்கள் கண்டதையும் நினைப்பார்கள். "குடும்பப் பொறுப்பு காரணமாக இடைவெளி" என்று ஒரு வரி போடுங்கள். ஒரே வரி. நோய், மறதி, பணிவிடை எதுவும் வேண்டாம். பரிதாபப்பட்டு யாரும் வேலை கொடுப்பதில்லை அண்ணி. பரிதாபப்பட்டுவிட்டு அடுத்த சி.வி.யை எடுப்பார்கள்.

அண்ணன் சொட்டு மருந்து ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாரா?

குட்டி

பிப்ரவரி 11

குட்டி,

நீ சொன்னபடி எல்லாத்தையும் வெட்டிட்டேன். வெட்ட வெட்ட நான் ஒரு பக்கத்துக்குள்ள அடங்கிட்டேன். பார்க்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு.

அந்த ஒரு வரியையும் போட்டுட்டேன். போடறதுக்கு ஒரு காலை பூரா ஆச்சு.

நீ இல்லாதப்ப நடந்ததெல்லாம் உனக்குத் தெரியாது, அதனால சொல்றேன். உங்கம்மாவுக்கு என் பேர் மறந்து போச்சு. உன் பேர் மறக்கல. என்னைத்தான் குட்டி, குட்டின்னு கூப்பிடுவாங்க. முதல்ல ரெண்டு மாசம் "நான் உங்க மருமக அத்தை"ன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். சொன்னா முகம் வாடிப் போகும். அப்புறம் விட்டுட்டேன். குட்டின்னா "என்னம்மா"ன்னு போய் நிப்பேன். குழாயைத் திறந்து விட்டுட்டு மூடத் தெரியாம நிப்பாங்க, மூடுவேன். கேட்டைத் திறந்துக்கிட்டு நடந்துடுவாங்க, பின்னாலேயே செருப்பில்லாம ஓடுவேன். ஒரு நாள் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "உங்கண்ணன் ஒருத்தியைக் கட்டிக்கிட்டு வந்திருக்கானே, அவ எங்க? வேலை வேலைன்னு ஓடறாளே"ன்னு கேட்டாங்க. "வந்துடுவாம்மா"ன்னேன்.

வேலையை விட்ட அன்னைக்கு எல்லாரும் ஒரே குரல்ல பேசினீங்க. "பிள்ளை குட்டி இல்லாதவதானே, சம்பாதிச்சு யாருக்குச் சேர்க்கப் போறா"ன்னு. நீ சொன்னியா, மத்தவங்க சொன்னதுக்குத் தலையை ஆட்டினியான்னு ஞாபகம் இல்ல. சொல்லலைன்னே வெச்சுக்கறேன்.

போகட்டும். கவர் லெட்டர்னு ஒண்ணு வேணும்னு விளம்பரத்துல கேட்கறாங்க. எழுதியிருக்கேன். "மதிப்பிற்குரிய ஐயா, தங்களது பொன்னான நேரத்தைச் சற்றே ஒதுக்கி அடியேனின் விண்ணப்பத்தைக் கனிவுடன் பரிசீலித்து..." இப்படிப் போகுது. நீ சிரிக்கறது இங்க கேட்குது. சிரிச்சு முடிச்சதும் திருத்திக் கொடு.

அண்ணி

பிப்ரவரி 14

அண்ணி,

சிரித்தேன். பிறகு உங்கள் கடிதத்தின் மேல் பாதியை மறுபடி படித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு வாக்கியம் முடியாது. மன்னித்துக்கொள்ளுங்கள், கவர் லெட்டருக்கே போகிறேன்.

"அடியேன்" வேண்டாம். "கனிவுடன்" வேண்டாம். நீங்கள் கை ஏந்தவில்லை. அவர்களுக்கு ஒரு ஆள் குறைகிறது, அந்த ஆள் நீங்கள் என்று சொல்லப் போகிறீர்கள், அவ்வளவுதான். முதல் வரியில் எந்த வேலை என்று சொல்லுங்கள். அடுத்து நீங்கள் செய்ததில் ஒரே ஒரு விஷயத்தை, நேரில் பார்த்த மாதிரி தெரியும்படி சொல்லுங்கள். அது அவர்களுக்கு எப்படி உதவும் என்று சொல்லுங்கள். எப்போது வந்து பார்க்கலாம் என்று கேட்டு முடியுங்கள். சி.வி.யில் இருப்பதையே இங்கேயும் ஒப்பிக்க வேண்டாம்.

பிரசவ ஆஸ்பத்திரிக்கு ஒரு படிக்கட்டு வரைந்தீர்களே, கல்யாணமான புதிதில்? எங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினீர்கள். அம்மா ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, "மூச்சே வாங்கலை" என்றாள். அதை எழுதுங்கள். அம்மாவை விட்டுவிட்டு எழுதுங்கள்.

குட்டி

மார்ச் 9

குட்டி,

கண்ணுல பட்ட இடத்துக்கெல்லாம் அனுப்பினேன். கிணத்துல கல்லைப் போட்டா தொபுக்குன்னு சத்தமாவது வரும். இங்க அதுகூட இல்ல. கடைசியில ஒரே ஒரு இடத்துலேருந்து நேர்ல வரச் சொன்னாங்க.

நல்ல புடவையா எடுத்துக் கட்டிக்கிட்டு, உங்கண்ணன்கிட்ட பேங்குக்குப் போறேன்னு சொல்லிட்டுக் கிளம்பினேன். "பேங்குக்குப் போறதுக்கு இவ்வளவு பவுடர் வாசனையா"ன்னார். கண்ணு போக போக மூக்கு கூர்மையாகுது மனுஷனுக்கு.

அங்க ஒருத்தர், ஒரு அம்மா, ரெண்டு பேரு. ரெண்டு பேருமே என்னைவிடச் சின்னவங்க. அவர் பேப்பரைப் பார்த்துட்டு, "இந்தப் படிக்கட்டு நீங்க போட்டதா மேடம்? நான் அந்த ஆஸ்பத்திரியிலதான் பிறந்திருப்பேன் போல"ன்னு சிரிச்சார். எனக்கு அப்படியே குளிர்ந்து போச்சு. அந்தம்மாதான் பேப்பர்ல விரலை வெச்சாங்க.

"நடுவுல ஒன்பது வருஷம் இருக்கே?"

"குடும்பப் பொறுப்பு."

"குழந்தைங்களா?"

"இல்லைங்க."

"அப்புறம்?"

நீ ஒரு வரிதான் சொல்லிக் கொடுத்தே குட்டி. ரெண்டாவது வரி என்கிட்ட இல்ல. "வீட்டுல ஒரு பெரியவங்களைப் பார்த்துக்கிட்டேன்"னேன்.

"இப்ப அவங்களை யாரு பார்த்துக்கறாங்க?"

"இப்ப அவங்க இல்லைங்க."

"ஓ"ன்னாங்க. அப்புறம் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார வெச்சு ஒரு சின்ன ரூம் வரையச் சொன்னாங்க. நாலு சுவரு, ஒரு கதவு, ஒரு ஜன்னல். நான் தூக்கத்துல வரைவேன். ஆனா அந்த சாஃப்ட்வேரே ஆளு மாறிப் போயிருந்துச்சு. என் கை பழைய இடத்துக்கே போகுது, அங்க ஒண்ணும் இல்ல. வீடு மாத்திட்டுச் சுவத்துல ஸ்விட்சைத் தடவற மாதிரி தடவிக்கிட்டிருந்தேன். ரெண்டு சுவரு வந்துச்சு. மூணாவது கோணிக்கிட்டுப் போச்சு. அவர் மெதுவா என் கையிலேருந்து மவுஸை வாங்கி, "பரவாயில்ல மேடம், டென்ஷன் ஆகாதீங்க"ன்னு கோட்டை நேராக்கி விட்டார். திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

தெரியப்படுத்தறோம்னாங்க. தெரியப்படுத்தல.

அண்ணி

மார்ச் 12

அண்ணி,

இது உங்கள் தவறு இல்லை. சாஃப்ட்வேர் மாறிவிட்டது, அதைக் கற்றுக்கொண்டுவிடலாம். உங்கள் பக்கத்தில் பொது நூலகம் எதிலாவது இலவச வகுப்பு நடக்கிறதா என்று விசாரியுங்கள். ஆனால் அதற்கு மாதங்கள் ஆகும், நீங்கள் காத்திருக்கும் நிலையில் இல்லை என்று எனக்குப் புரிகிறது.

அதனால் யோசித்து ஒன்று சொல்கிறேன். இப்போது எல்லா ஊரிலும் வீட்டுக்கே ஆள் அனுப்பி முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஆளே கிடைக்காமல் தவிக்கிறார்கள். உங்களிடம் ஒன்பது வருஷ அனுபவம் இருக்கிறது. மறதி நோய் உள்ளவரைப் பார்த்துக்கொண்டவர் என்றால் உடனே எடுத்துக்கொள்வார்கள். அதற்கென்று தனியாக ஒரு சி.வி. நானே எழுதித் தருகிறேன். குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது, இரவில் கண் விழிப்பது எல்லாவற்றையும் விரிவாகப் போடலாம்.

தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

குட்டி

மார்ச் 13

குட்டி,

தப்பாத்தான் எடுத்துக்கிட்டேன்.

உங்கம்மாவைக் குளிப்பாட்டினதுக்குப் பேர் அனுபவமா? அத்தைங்கறதால செஞ்சேன். சில நாள் அதுகூட இல்ல, வேற நாதி இல்லாததால செஞ்சேன். அழுதுக்கிட்டே செஞ்சேன், எரிஞ்சு விழுந்துக்கிட்டே செஞ்சேன். இன்னொரு வீட்டுல இன்னொரு அம்மாவுக்கு அதைச் செய்ய என் கையில இனி ஒண்ணும் மிச்சம் இல்ல.

ஆபீஸ் வேலைன்னா அந்த ஒன்பது வருஷத்தை ஒரு வரியில மறைக்கணும். ஆயா வேலைன்னா பக்கம் பக்கமா விரிக்கணும். நல்லா இருக்கு உங்க நியாயம்.

நான் பிளான் வரையறவ. நீ இனிமே எழுத வேண்டாம்.

ஏப்ரல் 2

அண்ணி,

எழுத வேண்டாம் என்றீர்கள். இவ்வளவு நாள் எழுதவில்லை. இது ஒன்றை மட்டும் படித்துவிட்டு, வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

அந்த யோசனையைச் சொன்னபோது உங்களுக்கு உதவுவதாகத்தான் நினைத்தேன். எதிரில் இருப்பவரைப் பார்த்து "இவரை எங்கே பொருத்தலாம்" என்று யோசிப்பதே என் வேலை. உங்களையும் அப்படிப் பார்த்துவிட்டேன். வேறென்ன சொல்ல.

எங்கள் கம்பெனி கடைகளும் கிளினிக்குகளும் கட்டித் தருகிறது, உங்களுக்குத் தெரியும். உங்கள் ஊரில் புதிதாக ஒரு டிசைன் ஆபீஸ் திறக்கிறார்கள். பிளான் வரைபவர்கள் வேண்டும். விளம்பரத்தை இத்துடன் அனுப்புகிறேன். மற்றவர்களைப் போலவே வெப்சைட் வழியாக அனுப்புங்கள். என் பெயரை எங்கேயும் போடாதீர்கள். உறவுக்காரர் விண்ணப்பித்தால் நாங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும், எழுதிக் கொடுத்தால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். உங்கள் பெயரோடு அண்ணன் பெயரும் என் பெயரோடு அப்பா பெயரும் இருப்பது நல்லதாகப் போயிற்று.

இந்த முறை நான் திருத்தவில்லை. நீங்களே எழுதுங்கள்.

குட்டி

ஏப்ரல் 7

குட்டி,

கோபம் போகல. ஆனா அனுப்பிட்டேன்.

நூலகத்து வகுப்புக்குப் போயிட்டிருக்கேன், அது நீ சொன்னதுல ஒரு நல்ல விஷயம். சொல்லித் தரவர் பொறுமைசாலி. கேட்டதையே கேட்டாலும் முகம் சுளிக்கறதில்ல. இப்ப நாலு சுவரும் ஒழுங்கா நிக்குது. போன வாரம் ஒரு மாடிப்படி போட்டேன். திரையில அது ஒவ்வொரு படியா எழுந்து வந்தப்ப, பக்கத்து சீட்டு ஆளு "ஏங்க அழறீங்க"ன்னு கேட்டார். தூசின்னேன்.

கவர் லெட்டர்ல உன் பேச்சைக் கேட்கல. இப்படி எழுதினேன்:

"உங்கள் புதிய ஆபீஸில் பிளான் வரைபவர் வேலைக்கு எழுதுகிறேன். பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் படிக்கட்டு வரைந்திருக்கிறேன். நிறைமாதப் பெண் ஒருத்தி நடுவழியில் நின்று மூச்சு வாங்க இடம் வேண்டும் என்று திருப்பத்தை அகலமாக்கினேன். அதற்காக டாக்டரின் அறையைக் குறுக்க வேண்டி வந்தது. அவரிடமே பேசிச் சம்மதிக்க வைத்தேன். பிறகு ஒன்பது வருடம் நான் வேலையில் இல்லை. ஞாபகம் போய்விட்ட ஒரு வயதான பெண்மணியோடு வீட்டுக்குள் இருந்தேன். கதவு எந்தப் பக்கம் திறந்தால் ஒருவர் விழுவார், கைப்பிடி எந்த உயரத்தில் இருந்தால் விழமாட்டார், எந்த நிறத் தரையைப் பள்ளம் என்று நினைத்துப் பயப்படுவார் என்பதையெல்லாம் அங்கே பார்த்தேன். நீங்கள் கிளினிக்குகள் கட்டுகிறீர்கள். அதனால் இதைச் சொல்கிறேன். எந்த நாளும் வந்து வரைந்து காட்டத் தயார்."

அனுப்பறதுக்கு முன்னாடி உங்கண்ணனுக்குப் படிச்சுக் காட்டினேன். இனிமே எதுக்கு ஒளிக்கணும்னு தோணுச்சு. ஜன்னல் பக்கமே பார்த்துக்கிட்டுக் கேட்டார்.

"யாரு சொல்லிக் கொடுத்தா?"

"யாரோ."

"அடியேன், தாங்கள்னு ஒண்ணுமே இல்ல. குட்டி வெட்டின மாதிரி இருக்கு. சின்ன வயசுல என் நோட்டுல இருக்கற தப்பை எல்லாம் அவதான் அடிச்சுத் தள்ளுவா."

நான் பட்டனை அமுக்கி அனுப்பிட்டேன். அவரும் அதுக்கு மேல கேட்கல. ஆனா உன் பேர் இந்த வீட்டுல கேட்டுச்சு. சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன்.

அண்ணி

ஏப்ரல் 26

அண்ணி,

இதை ஆபீஸ் கடிதம் மாதிரி எழுதப் பார்த்தேன், வரல. வர மாதிரியே எழுதறேன்.

வேலை இல்லைன்னு ஆயிடுச்சு. உங்களுக்கு வேற எங்கேருந்தோ தெரியறதுக்கு முன்னாடி நான் சொல்லிடணும்.

முதல்ல கம்ப்யூட்டரே உங்களைத் தள்ளிடுச்சு. இவ்வளவு இடைவெளி இருந்தா அது உள்ளே விடாது. நான் தேடிப் பிடிச்சு, கையால திரும்ப எடுத்து வெச்சேன். அந்த மாதிரி எடுத்து வைக்க எனக்கு உரிமை உண்டு. அதுவரைக்கும் தப்பு ஒண்ணும் இல்ல.

மேசைக்கு வந்தப்ப நாங்க மூணு பேர். டைரக்டர், டிசைன் தலைவர், நான். டிசைன் தலைவர் உங்க கவர் லெட்டரை ரெண்டு தடவை படிச்சார். "தரை நிறத்தைப் பள்ளம்னு நினைப்பாங்களா? எனக்குத் தெரியாதே. கூப்பிட்டுப் பார்க்கலாம்"னார். எனக்கு அங்கேயே எழுந்து உங்களுக்குப் போன் பண்ணணும் போல இருந்துச்சு அண்ணி, சந்தோஷத்துல.

டைரக்டர் வாங்கிப் பார்த்தார். பார்த்துட்டுச் சிரிச்சார். "ஒன்பது வருஷம் ஒரு கிழவியோட வீட்டுல உட்கார்ந்திருந்தேன்னு எழுதியிருக்காங்க. இதையெல்லாம் ஒரு தகுதின்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்களா? எங்க வீட்டுலயும்தான் ஒண்ணு கிடக்கு."

நான் பேசாம இருந்திருக்கணும். வாயை மூடிக்கிட்டு இருக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். டிசைன் தலைவர் பக்கம்தான் காத்து அடிச்சது. இன்னும் ரெண்டு நிமிஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்திருந்தா உங்களைக் கூப்பிட்டிருப்பாங்க.

"அந்தக் கிழவி எங்கம்மா"ன்னேன்.

டைரக்டர், "அப்ப இவங்க உங்களுக்கு?"ன்னார்.

"அண்ணி. எங்கம்மாவை நான் பார்க்கல. இவங்கதான் பார்த்தாங்க."

"உறவுன்னா எழுதிக் கொடுக்கணும்னு உங்களுக்குத் தெரியும்ல? அந்த சர்க்குலரை வருஷா வருஷம் எல்லாருக்கும் அனுப்பறதே நீங்கதானே?"

"தெரியும் சார்."

பேப்பரை எடுத்து வேண்டாம்ங்கற அடுக்குல கவிழ்த்து வெச்சார். அவ்வளவுதான். டிசைன் தலைவர் என் முகத்தைப் பார்க்கவே இல்ல. எனக்கும் விளக்கம் கேட்டு ஒரு லெட்டர் வந்திருக்கு. அது போகட்டும், வேலை போகாது, இந்த இடத்துலேருந்து தூக்கி வேற பிரிவுல போடுவாங்க.

இன்னும் ஒண்ணு. கிடைக்காதவங்க எல்லாருக்கும் கம்ப்யூட்டரே ஒரு மெயில் அனுப்பும். அதுக்குக் கீழே என் பேர் இருக்கும். நான் எழுதினது இல்ல, எல்லாருக்கும் போறது. தயவுசெஞ்சு அதைத் திறக்காதீங்க.

அம்மா உங்களை என் பேரால கூப்பிட்டாங்கன்னு எழுதினீங்க. அதுக்கு நான் இன்னும் பதில் எழுதல. எப்படி எழுதறதுன்னு தெரியல அண்ணி.

குட்டி

மே 4

குட்டி,

உன் லெட்டருக்கு முன்னாடியே அந்த மெயில் வந்துடுச்சு. கம்ப்யூட்டருக்கு நம்மளைவிட வேகம் ஜாஸ்தி. நூலகத்துல திறந்தேன், ஒண்ணும் பிடிபடல. வீட்டுக்கு வந்து போன்ல திரும்பத் திறந்து சத்தமா படிச்சேன், அவரும் கேட்கட்டும்னு. "தங்களின் தகுதிகள் எங்களைக் கவர்ந்தன. எனினும்"னு ஆரம்பிச்சுச்சு. எனினும்னு வந்ததும் நிறுத்தியிருக்கலாம். கடைசி வரைக்கும் படிச்சுட்டேன். உன் பேரையும் சேர்த்துப் படிச்சுட்டேன்.

"அவளா போட்டிருக்கா கையெழுத்து?"ன்னு கேட்டார்.

"அது கையெழுத்து இல்ல. தானா வரது."

"அம்மா போனப்ப வராதவ, இதுக்கு மட்டும் சரியா வந்துட்டா."

உன் லெட்டர் கிடைச்ச பிறகு நடந்ததைச் சொன்னேன். நீ அந்த ரூம்ல என்ன பேசினேன்னு வரிக்கு வரி சொன்னேன். நாற்காலியிலேருந்து எழுந்து, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே நடந்து, அத்தை ரூமுக்குள்ள போய் உட்கார்ந்துட்டார். ரொம்ப நேரம் வரல. வெளியில வந்தப்ப, "சாப்பிடலாமா"ன்னு மட்டும் கேட்டார். உனக்குப் போன் பண்ணுவார்னு நான் நினைக்கல. நீயும் நினைக்காதே. அவருக்கு வலது கண்ணும் போயிட்டே இருக்கு. டாக்டர் இப்பல்லாம் காப்பாத்தலாம்னு சொல்றதில்ல, பழகிக்கணும்னு சொல்றார்.

எனக்கு ஒரு வேலை கிடைச்சிருக்கு. ஊருக்கு வெளியில பெரிய கிடங்கு. ஜனங்க போன்ல வாங்கற சாமானை எல்லாம் அட்டைப்பெட்டியில போட்டு ஒட்டி அனுப்பற இடம். சி.வி. கேட்கல. நான் பை நிறைய எடுத்துக்கிட்டுப் போயிருந்தேன். வரிசையில நின்ன எங்களை ஒருத்தர் மேலேருந்து கீழ வரைக்கும் பார்த்தார். "நாள் பூரா நிக்க முடியுமா?"ன்னார். முடியும்னேன். "முதுகு வலி, கால் வலி?" இல்லைன்னேன். அது பொய். ஒரு பச்சை யூனிஃபார்ம் கோட்டைக் கையில கொடுத்தார், உள்ளே போயிட்டேன். நடுவுல என்ன பண்ணீங்கன்னு யாரும் கேட்கல. வெட்கத்தை விட்டுச் சொல்றேன், அது கொஞ்சம் நிம்மதியாக்கூட இருந்துச்சு. ஷிப்ட் நேரமும் வகுப்பு நேரமும் ஒண்ணா இருக்கறதால நூலகத்துக்கு இனி போக முடியாது. அந்தப் பொறுமைசாலிகிட்ட சொல்லிட்டு வந்தேன். "திரும்ப வாங்க"ன்னார். சரின்னேன்.

உனக்கு நான் என்ன எழுத? நீ அந்த ரூம்ல சொன்னதை இந்த ஒன்பது வருஷத்துல யாரும் வாய்விட்டுச் சொன்னதில்ல. உங்கண்ணன் சொன்னதில்ல. உங்கம்மாவுக்குச் சொல்லத் தெரியல. நீ சொன்னே, அதுவும் என் லெட்டரைப் பார்த்துச் சிரிச்சவன் முன்னாடி. அதை நினைச்சா நெஞ்சுக்குள்ள என்னமோ இறங்குது. அடுத்த நிமிஷமே, ரெண்டு நிமிஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா பாவின்னு உன்னை உலுக்கணும் போல இருக்கு.

வேலை போனா போகுது, நீ சொன்னதே எனக்குப் போதும்னு பெரிய மனசா எழுதிடலாம்னு பார்த்தேன். எழுதினேன். அழிச்சேன். திரும்ப எழுதி, திரும்ப அழிச்சேன்.

போதாது குட்டி. எனக்கு அந்த வேலை வேணும்.

அண்ணி